கவண்காரன்

கற்கள் வந்துகொண்டே இருந்தன.

அவள் ஈட்டியை நீட்டியபடி ஓடினாள். ஒரு கல் தோளில். ஒரு கல் முழங்காலில். திரையின் மேல் மூலையில் அவளுடைய உயிர்க்கோடு பாதியாகச் சரிந்தது.

அவளுக்கு அது உறைக்கவில்லை.

எதிரில் நிற்பவன் கையில் கவண்.

இந்த ஆட்டத்தில் யாரும் கவண் எடுப்பதில்லை. வாள் எடுப்பார்கள், வில் எடுப்பார்கள். ஒரு ஆயுதத்தில் கை தேற வருடக்கணக்காகும். ஆகவே முட்டாள்கூட யோசித்துத்தான் எடுப்பான். கவண் எல்லாவற்றிலும் சோதா.

இவன் அதில் முப்பத்தோராம் படியில் நிற்கிறான்.

அது பரவாயில்லை. பைத்தியங்கள் எங்கும் உண்டு. ஆனால் இவன் முதல் கல்லை வேண்டுமென்றே அவள் காலடியில் எறிந்தான். தரையில். சும்மா, வம்புக்கு. பிறகு கவணை இடது கைக்கு மாற்றினான்.

ஒரே ஒருவன்தான் அப்படி ஆடுவான்.

இருக்காது.

இருக்கவே முடியாது.

"ஏனுங்க்கா, சோத்த உட்டுப்போட்டு யாரோட மல்லுக்கட்டிட்டு இருக்கீங்க?" எதிரே டிபன் பாக்ஸைத் திறந்தபடி புவனா கேட்டாள். பேக்கிங் செக்‌ஷன் பெண். "மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்குது. காய்ச்சலுங்களா?"

கம்பெனி கேன்டீனில் அத்தனை பேர் சாப்பிடும் சத்தம். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

மைதானத்தில் இன்னும் ஒன்றரை நிமிடம். எதிராளியின் பெயர் தெரியாது. முடிந்தால் முடிந்ததுதான். லட்சம் பேரில் மறுபடி அவனைத் தேட முடியாது.

அவன் பக்கத்திலிருந்த குறியைத் தொட்டாள். பெயர் வரவில்லை. வயது மட்டும் வந்தது.

பாத்திரம் உருவாகி எட்டு மாதம்.

எட்டு மாதம்தான்.

அப்படியானால் அந்த ஒருவனின் பழைய கணக்கை வேறு எவனோ திறந்து ஆடவில்லை.

நெஞ்சுக்கு ஒரு கல் வந்தது. உயிர்க்கோடு சிவப்பானது. இன்னும் ஒன்று பட்டால் அவள் இல்லை. அவனும் இல்லை.

எதிராளியிடம் பேச ஒரே வழிதான் இருந்தது. ஆயுதத்தைக் கீழே போட வேண்டும். போட்டவருக்கு உயிர்ப்பிச்சை கேட்க முப்பது விநாடி கிடைக்கும். போட்ட ஆயுதத்தில் ஏறிய படிகள் அத்தனையும் அழிந்துபோகும்.

ஈட்டியில் அவள் ஐம்பத்திரண்டாம் படி. நான்கு வருடம்.

போட்டாள்.

ஈட்டி புழுதியில் விழுந்தது. அடுத்த கல்லைச் சுழற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

முப்பது. இருபத்தொன்பது.

எழுத்துகள் தப்பின. அழித்தாள். மறுபடி அடித்தாள்.

"லோகு?"



இருபத்திரண்டு.

"லோகு, நான் அக்கா."

கவண்காரன் அசையவில்லை. பின்னால் கொடிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

அவள் தம்பி. இதே ஆட்டத்துக்காக அவன் போனை அப்பா சுவரில் அடித்து உடைத்த அன்று, போட்டிருந்த சட்டையோடு படியிறங்கிப் போனவன்.

பதினைந்து.

"எங்கடா இருக்க? அதையாவது சொல்லு சாமி."

"அக்கா, அழுவறீங்களா?" புவனா எழுந்து வந்து தோளைத் தொட்டாள். "என்னாச்சுங்க்கா? வீட்டுல யாருக்காச்சும்..."

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

எட்டு. ஏழு.

கவண்காரன் கையை விரித்தான். கவண் கீழே விழுந்தது.

நேரம் மறுபடி முப்பதிலிருந்து தொடங்கியது.

மூன்று புள்ளிகள் தோன்றின. மறைந்தன. தோன்றின.

"நல்லா இருக்கேன்க்கா. அப்பாகிட்ட மட்டும் சொல்லிராத."

அவள் போனை மேசையில் வைத்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதினாலு மாதத்துக்கு முன்னால், தண்டவாளத்திலிருந்து எடுத்துவந்த ஓர் உடலைப் பார்க்கத் தெம்பில்லாமல், அப்பா ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே போனது அவள்தான்.

முகம் இல்லை. சட்டையைப் பார்த்தாள். அவன் போட்டுப்போனது போலவே இருந்தது. "என் தம்பிதானுங்க" என்றாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

கொள்ளி வைத்தது அப்பா.