புது டயர் ரெண்டு

ராஜ்குமாருக்குக் காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை! மனைவி சுகுணாவையும் குழந்தையையும் இன்று மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து சொந்த ஊரான செம்மநத்தத்துக்கு அழைத்துப் போகிறான்.

மூன்று நாள் மழையில் ஊர் மண்பாதை சேறாகிக் கிடந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஃபோர் வீல் போட்டால்தான் ஜீப் ஏறும். அதற்காகவே இரண்டு புது டயர் வாங்கி, மாட்டச் சொல்லி, ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் அப்துல் ரஹீம் பாயின் டயர் கடையில் ஜீப்பை விட்டிருந்தான். முன்னால் புதுசு, பின்னால் பழசு. வண்டி சும்மா பிய்த்துக்கொண்டு ஏறாதா!

குழந்தைக்குக் கொசுவலையும் கிலுகிலுப்பையும் வாங்கிக்கொண்டு ஓடி வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

ஜீப்பில் நாலும் பழைய டயர்.

“பாய்! எங்கீங்க என்ற புது டயரு?”

பாயைக் காணோம். பக்கத்து டீக்கடையிலிருந்து மாதையன் குரல் கொடுத்தார். “புதுசு ரெண்டையும் உள்ள உருட்டிட்டுப் போனாருங்க. என்ற கண்ணால பாத்தேன்.”

வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது. கூட்டமும் சேர்ந்துவிட்டது.

ராஜ்குமாருக்குக் கோபம் தலைக்கேறியது. “பச்சக் கொழந்தைய ஏத்திட்டுப் போற வண்டிங்க! இதுலயா கை வெப்பாரு மனுசன்?”

சத்தம் கேட்டு, பாயின் மனைவி ஹசீனா வெளியே வந்தார்.

“தம்பி, உங்க டயரு புதுசு ரெண்டு, பழசு ரெண்டு, நாலும் உள்ள பத்திரமா இருக்குது. அவரு மூணு தடவ போன் போட்டாரு. அணைச்சு வெச்சிருக்கீங்க.”

குழந்தை தூங்குகிறதென்று ஆஸ்பத்திரியில் அணைத்த போன், இன்னும் அப்படியேதான் அவன் சட்டைப்பையில் இருந்தது.

“மாட்டச் சொன்னத எதுக்குங்கக்கா உள்ள வெச்சாரு?”

“புது டயர் பெருசுங்க, தேஞ்சது சிறுசு. ஃபோர் வீல் போட்டா முன்னால ஒரு கணக்குல சுத்தும், பின்னால ஒரு கணக்குல சுத்தும். இழுபறியில கியர் பாக்ஸே போயிருமாம். தாயையும் புள்ளையையும் சேத்துல வெச்சுட்டு நின்னுருவீங்கன்னு அவருக்கு நொம்ப பயம். அதான் ஒரே அளவா நாலு டயர் மாட்டி உட்டுருக்காரு. மொதல்ல நல்லபடியா ஊடு போய்ச் சேருங்க.”

ராஜ்குமார் குனிந்து பார்த்தான். புதுசில்லைதான். ஆனால் நாலும் ஒரே ரகம், ஒரே தேய்மானம். திட்டிய வாயை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை அவனுக்கு.

“பாய் எங்கீங்கக்கா? கையப் புடிச்சு மன்னிப்புக் கேக்கோணும்.”

“சேலத்துக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்காரு. பஸ்ல.”

“பஸ்லயா? அவருகிட்டயும் இதே ஜீப்பு இருக்குதே?”

கடைக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்த மாதையன், டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

பாயின் ஜீப், ஒரு டயர்கூட இல்லாமல், நாலு கல்லின் மேல் நின்றிருந்தது.