மூணே சட்டை

ஒரு ஆளுக்கு எதுக்கு இத்தனை சாமான்? உடம்பு ஒன்று, அதில் மாட்ட ஆயிரமா? கூட இருக்கிறவர்கள் கால் நீட்ட இடம் வேண்டாமா? கேட்க ஆளில்லை என்கிற தைரியம்தானே?

நோயாளிக் கட்டில் வாடகைக்கு விடுவது என் தொழில். கைப்பிடியைச் சுழற்றினால் தலைப்பக்கம் உயருமே, அந்தக் கட்டில். அப்படி ஒன்றை ஒரு வீட்டு வாசலில் வண்டியிலிருந்து இறக்கி உள்ளே எட்டிப் பார்த்தேன். ஹாலில் கட்டில் போடுவது இருக்கட்டும், ஒரு ஸ்டூல் போட இடமில்லை. தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டி. நடுவில் ஒருக்களித்துப் போக ஒரு சந்து. அந்த வழியையும் அடைத்துக்கொண்டு ஓர் உடற்பயிற்சி சைக்கிள்.

வீட்டுக்கார அம்மா பக்கவாட்டில் நடந்து வந்தார்.

"என்னம்மா இது, வீடா குடோனா?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அவருக்குத் தொடை எலும்புல ஆபரேஷன். சாயந்திரம் கூட்டிட்டு வர்றாங்க. தரையில படுக்கவே கூடாதாம்."

"அது தெரிஞ்சுதானே கட்டில் கேட்டீங்க? எங்க போட, என் தலையிலயா?"

"வாசல் ஓரமா போட முடியுமா?"

"மழை வந்தா அவருக்குக் குடை பிடிப்பீங்களா?"

வியாபாரி வாய் சும்மா இருக்குமா?

"மொத்தத்தையும் நானே எடுத்துக்கிறேன். ஒரு விலை சொல்லுங்க."

"அய்யோ, அது விக்கிறதுக்கு இல்லண்ணே."

"அப்ப தூக்கிப் போடுங்க."

"தூக்கிப் போடுறதுக்கும் இல்ல."

"புருஷன் பெருசா, பெட்டி பெருசாம்மா உங்களுக்கு?"

அந்த அம்மா மாடியைப் பார்த்தார். "மேல என் தம்பி இருக்கான். பேட்டி எடுக்க வந்திருக்காங்க. முடியட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

பேட்டி முடிந்து அவர்களே இறங்கி வந்தார்கள். முன்னால் சாம்பல் நிறச் சட்டையில் தம்பி. ஆளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. மூணே சட்டையில் வாழ்க்கை நடத்துகிறேன் என்று ஊர் ஊராகப் பேசுகிறவர். பின்னால் பத்திரிகைக்கார அம்மாவும் கேமராவோடு ஒருவரும்.

"மாடியில நுழைஞ்சாலே நிம்மதியா இருக்கு சார். ஒரு பாய், ஒரு செடி. எப்படி சார் முடியுது?"

"மனசுதான் மேடம். பொருளைக் கட்டிக்கிட்டு அழுதா, நாமதான் அதுக்கு வேலைக்காரங்க." அக்காவின் வீட்டு வாசலில் நின்று உள்ளே கையைக் காட்டினார். "இதோ, உதாரணத்துக்கு வெளிய எங்கயும் போக வேண்டாம்."

கேமரா நாலைந்து தடவை மின்னியது.

"'விடத் தெரியாத வீடு'ன்னு போட்டுக்கலாமா சார்?"

"தாராளமா. அக்கா சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். காலி டப்பாவைக்கூட விட மாட்டா. என்னக்கா?"

அக்கா சிரித்தார். "என் மூஞ்சி மட்டும் விழாம பாத்துக்கங்கம்மா."

நானும் தலையாட்டினேன். சரியாகத்தான் சொல்கிறார் மனுஷன் என்று தோன்றியது.

பத்திரிகைக்காரர்கள் கிளம்பினார்கள். அந்த அம்மா மெதுவாக ஆரம்பித்தார். "டேய், மாமா சாயந்திரம் வர்றாருடா. கட்டிலுக்கு மட்டும்..."

"அப்புறம் பேசலாம்க்கா. தியான நேரம்."

ஏறிப் போய்விட்டார்.

எனக்குப் பொறுமை அவ்வளவுதான். மேலாக இருந்த பெட்டியை இழுத்தேன். "நீங்க விட மாட்டீங்க, நான் விடுறேன். தெருவுல வெச்சா வேணும்ங்கிறவன் எடுத்துக்கட்டும்."

"அண்ணே, வேண்டாம்ணே. அதைத் தொடாதீங்க."

வாசலைத் தாண்டுவதற்குள் பெட்டியின் அடி பிய்ந்துகொண்டது. பூச்சி உருண்டை வாசனையோடு சட்டைகள் கொட்டின. ஆரஞ்சு, கிளிப்பச்சை, ஊதா, பூப் போட்டது, கட்டம் போட்டது. பாதிக்கு மேல் விலைச் சீட்டுகூடப் பிய்க்கவில்லை.

மாடிப்படி அதிர்ந்தது. தியானத்தில் இருந்தவர் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார்.

"யோவ், பாத்துய்யா. என் சட்டைய்யா அது. கசங்கிடும்."

மூணே சட்டைக்காரர் முழங்காலில் நின்று சட்டை பொறுக்கினார். அந்த அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்தார். "மாசாமாசம் உருண்டை மாத்தி வைக்கிறேண்டா. ஒண்ணும் ஆகல, பயப்படாத."

"அந்தப் பெட்டியெல்லாம்?" என்றேன்.

"ஷூ" என்றார் தம்பி, தலை நிமிராமல்.

"சைக்கிள்?"

அதுவும்தான் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார்.

அந்த அம்மாவிடம் திரும்பினேன். "இத்தனை நாளா நீங்க எங்கம்மா படுக்கிறீங்க?"

"சமையல்கட்டுல. காலை மடக்கிக்கிட்டா சரியா இருக்கும்ணே."

கட்டிலை வாசல் ஓரமாக இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன்.

"தம்பி, எந்திரிங்க. உங்க மாமா வர்றதுக்குள்ள ஒவ்வொண்ணா மேல ஏத்துங்க, அந்தப் பாயும் செடியும் எவ்வளவு நேரம்தான் தனியா இருக்கும்? ஏத்தி முடிச்சதும் பத்திரிகைக்கார அம்மாவுக்குப் போன் போடுங்க. விடத் தெரியாத வீடு கீழ இல்ல, மேலதான்னு உங்க வாயாலயே சொல்லுங்க."