மூன்றாவது மடிப்பு

கண்ணாமூச்சி ஆட்டத்தில் ஹாஸ்டலில் பிள்ளைகளின் டிரங்குகள் வைக்கும் பெட்டி அறைக்குள் ஒளியப் போன பிலோமி வெளியே வரவே இல்லை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. கதவுக்குப் பின்னால் ஆணியில் அவளுடைய சீருடைக் கவுன் மட்டும் தொங்கியது. அதை வீட்டுக்கு எடுத்துப் போக அம்மாவுக்கு மனம் வரவில்லை. வளர்கிற பிள்ளை என்று அடிப்பக்கம் மூன்று மடிப்பு வைத்து அம்மாவே தைத்த கவுன். ஒவ்வொரு ஜூனிலும் அதில் ஒரு மடிப்பு பிரிந்திருப்பதை அதே ஹாஸ்டலில் தங்கிப் படித்த அக்கா ரெஜினா பார்த்தாள்.

“எலி கடிச்சிருக்கும்மா,” என்றார் வார்டன் சிஸ்டர்.

“எலி ஒவ்வொரு தையலா பிரிச்சு நூலைச் சுருட்டி வைக்குமா, சிஸ்டர்?”

சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

போன ஜூனில் மூன்றாவதும் பிரிந்துவிட்டது. இன்று ரெஜினா பள்ளியை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் நாள். வாசலில் அப்பா ஜீப்பின் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். ரெஜினா பெட்டி அறையை உள்ளே தாழிட்டாள். தன்னுடைய சீருடையைக் கிழித்துத் தங்கையின் கவுனில் ஒட்டுப் போட்டு, மடிப்பு மேல் மடிப்பாகத் தைத்தாள். விரலில் ஊசி ஏறியும் நிறுத்தவில்லை. தான் இங்கே இல்லாத எல்லா வருஷத்துக்கும் துணி வேண்டும்.

“வெளிய வந்துடு பிலோ. வர முடியலன்னா வளந்துக்கிட்டாவது இரு.”

மறுபடி ஆணியில் மாட்டினாள். வெறும் கவுனின் தோள்பட்டை மெல்ல உயர்ந்தது. பிலோமியின் குரல்தான், கொஞ்சம் முதிர்ந்திருந்தது.

“தோள் இறுக்குதுக்கா.”