செல்லம் கொஞ்சின பாட்டில்

என்ன, மது பாட்டில் கதைன்னதும் யாரோ குடிச்சிட்டு உருளப் போறாங்கன்னு முன்வரிசைக்கு வந்துட்டீங்களா? யாரும் உருள மாட்டாங்க. வந்ததுக்கு உக்காந்து கேளுங்க.

ஒரு வீட்டு அலமாரியில ரெண்டு பாட்டில். தேனைப் புளிக்க வச்சு வீட்டுக்காரர் தானே செஞ்ச மது ரெண்டுலயும். ஒரு வருஷம் ஊறணும். அப்புறம் கிறிஸ்துமஸ் விருந்துல மேசை ஏறணும். ரெண்டுக்கும் அதான் கனவு.

முன்னால நின்ன பாட்டில் பின்னால நின்னதைக் கேட்டுச்சு: "ஏண்டி, உன்னை ஒரு தடவையாவது திறந்து பாத்தாரா?"

"இல்லக்கா. தூசிதான் படிஞ்சிருக்கு."

"என்னை வாராவாரம் திறப்பாரு. மோந்து பாப்பாரு. ஒரு வாய் குடிச்சிட்டு, கண்ணை மூடி 'ஆகா'ம்பாரு. நடு மேசை எனக்குத்தான். அதுக்காகவே உடம்பைக் குறைக்கிறேன். கழுத்து வரைக்கும் இருந்தவ, இப்ப பாரு, எவ்வளவு ஒல்லி!"

"உனக்கு யோகம்க்கா. என்னை யாரு சீந்தப் போறா?"

செவுத்துல இருந்த பல்லிக்கு வாய் அடங்கல.

"அக்கா, நீ பதம் பாக்குறதுக்குன்னு எடுத்து வச்ச பாட்டில்க்கா. விருந்துக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்கு. உங்கிட்ட மிச்சம் ரெண்டு வாய்தான் கெடக்கு!"