கூரைப் பாலத்தின் குறை

"மறுபடியும் பிரிக்கணுமாம் பாய்," என்றான் தச்சன் கார்மேகம்.

ஃபோர்மேன் சதக்கத்துல்லாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "எதை?"

"கிழக்குப் பக்கக் கைப்பிடியை. சாய்வா இருக்காம்."

"நாலு தடவை பிரிச்சுக் கட்டியாச்சேப்பா."

கார்மேகம் உளியைத் துடைத்தான்.

ஃபுஜைரா மலையடிவாரத்தில், ஓடையின் குறுக்கே பேரீச்ச மரங்களை அடுக்கி, மேலே ஓலைக் கூரை வேய்ந்த பழைய நடைபாலம் அது. இந்தக் கரையில் தோட்டம், அந்தக் கரையில் வீடு. சரிந்து கிடந்ததைப் பழமை மாறாமல் செப்பனிடும் வேலை நடந்தது. வேலை முடியும் முன்பே வெள்ளிக்கிழமைகளில் துபாயிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பாலத்துக்குச் சொந்தக்காரி உம் சயீத் என்ற அரபிக் கிழவி. அவர் திருப்தி என்று கையெழுத்துப் போட்டால்தான் வேலை முடிந்த கணக்கு. தினமும் சாயங்காலம், வீட்டு வேலைக்கு இருக்கும் பூவாயி குடை பிடிக்க, பாலத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் அரபியில் சொல்லும் குறையைப் பூவாயி தமிழில் கார்மேகத்திடம் சொல்வாள்.

வியாழக்கிழமைக்குள் முடித்தால்தான் சதக்கத்துல்லாவுக்கு லீவு. ஊரில், கீழக்கரையில், மனைவி ஜுலைஹா பீவியைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. டிக்கெட்கூடப் போட்டாகிவிட்டது.

"எனக்கென்னவோ அந்தப் பொண்ணு மேலதான் சந்தேகம்," என்றார். "அந்தம்மா ஒண்ணு சொல்ல, இவ ஒண்ணு சொல்றா. நானே நேராக் கேட்டுடறேன். பொய்னு தெரிஞ்சா அவளைச் சும்மா விட மாட்டேன்."

கார்மேகத்தின் முகம் வெளுத்தது. "வேணாம் பாய். அது பாவம். நான் ராத்திரியோட ராத்திரியாப் பிரிச்சுக் கட்டிடறேன்."

"நீ ஏன்டா பதறுறே? யாருமே வர மாட்டேன்னு சொன்ன சைட்டுக்கு நீயாக் கேட்டு வந்தே. உன் வேலையில குறை சொன்னா எனக்குப் பொறுக்கலை."

அன்று சாயங்காலம் உம் சயீத் வந்து உட்கார்ந்ததும் சதக்கத்துல்லா எதிரே போய் நின்றார். துபாய் தேராவில் இருபது வருடம் கடையில் நின்று பழகிய அரபியில் கேட்டார்.

"அம்மா, கைப்பிடியில் என்ன குறை? இந்தப் பெண் உங்கள் பேச்சைச் சரியாகத்தான் சொல்கிறாளா?"

கிழவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பூவாயியிடம் டீ பிளாஸ்க்கைக் கொடுத்து, பாலத்தின் அந்தக் கோடியில் நின்ற கார்மேகத்தின் பக்கம் கைகாட்டினார். அவள் தயங்கித் தயங்கிப் போனாள்.

"அவள் சரியாகத்தான் சொல்கிறாள். நான்தான் பிரிக்கச் சொன்னேன்."

"அப்படியென்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை மகனே. என் தகப்பனார் காலத்தில்கூடப் பாலம் இத்தனை உறுதியாக இருந்ததில்லை."

சதக்கத்துல்லாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அப்புறம் எதற்கு அம்மா எங்களை இந்தப் பாடு படுத்துகிறீர்கள்? நானும் ஊருக்குப் போய்ப் பெண்டாட்டி முகத்தைப் பார்க்க வேண்டாமா?"

கிழவி குரலைத் தாழ்த்தினார்.

"வீடு என் மகனுடையது. வெளி ஆண் யாரும் அங்கே வரக் கூடாது, பூவாயியும் வெளியே போகக் கூடாது என்பது அவன் சட்டம். பாலம் மட்டும்தான் என் பெயரில் இருக்கிறது. வேலை முடிந்தால் அந்தத் தச்சனை நீ கூட்டிக்கொண்டு போய்விடுவாய். மூன்று வருடம் கழித்து இப்போதுதான் அவள் தன் புருஷன் முகத்தைப் பார்க்கிறாள்."

சதக்கத்துல்லா திரும்பிப் பார்த்தார். கூரை நிழலில் கார்மேகம் டீ குடித்துக்கொண்டிருந்தான். பூவாயி ஓர் அடி தள்ளி நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சதக்கத்துல்லா தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னார்.

"கார்மேகம், மேற்குப் பக்கமும் சாய்வாத்தான் இருக்கு. அதையும் பிரிச்சிரு. அவசரமில்ல, நான் அடுத்த மாசம்தான் ஊருக்குப் போறேன்."