விற்காத ஆப்பிள் பை

எல்லாரும் சௌக்கியந்தானே?

“ரூத்தி பரிமாறினா ஆப்பிள் பை விக்கவே மாட்டேங்குது. அவள நிறுத்தப் போறேன்,” என்றார் அமெரிக்காவின் ஒஹாயோவில் உணவகம் நடத்தும் வால்ட். ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுடும் இனிப்புதான் அந்தப் பை.

மகள் ஜோலின் விற்பனைக் கணக்கில், எதற்கும் எதற்கும் தொடர்பு என்று காட்டும் ‘கை-ஸ்கொயர்’ என்ற புள்ளியியல் சோதனை போட்டாள். “பரிமாறுறவங்களுக்கும் விக்கிறதுக்கும் சம்பந்தமே இல்லப்பா. சுடுறவங்களுக்குத்தான் சம்பந்தம். அம்மா சுட்டா ரூத்தியும் வித்துடுறா. நீங்க சுட்டா யாராலயும் முடியல!”

மேசை துடைத்துக்கொண்டிருந்த ரூத்தியை வால்ட் பார்த்தார். “உனக்குத் தெரியுமா?”

“மிச்சம் வச்ச தட்டெல்லாம் நான்தானே எடுக்கிறேன், முதலாளி?”

“வேலையே போக இருந்துச்சே, ஏம்மா சொல்லல?”

“வீட்டம்மாவுக்குக் கைவலின்னு நீங்க ஆசையா சுடுறீங்க. எப்படிச் சொல்ல?”

வால்டுக்குக் கண் கலங்கியது. “ரொம்ப நன்றிம்மா. இனிமே நீ சுடு, நான் பரிமாறுறேன்.”

உங்களுக்காக இப்படி வாய் திறக்காமல் இருந்தவர் யார்? எழுதுங்களேன்.