கிழக்கு முகம்

பெட்டியைக் குழிக்குள் இறக்கிய பிறகுதான் ஞானசெல்வம் கவனித்தாள். கணவனின் தலை கிழக்கே இருந்தது. கடைசி நாளில் இயேசு கிழக்கிலிருந்து வரும்போது, முதுகைக் காட்டிக்கொண்டா இவர் எழுந்து நிற்பார்?

“தூக்குங்க. திருப்பி வைக்கணும்,” என்றாள்.

“எழும்புனதும் அண்ணன் திரும்பிப் பாத்துக்கிட மாட்டானா, மதினி?” என்றான் கொழுந்தன் எப்ராயீம்.

“இருவது வருசமா அவருக்குக் கழுத்து திரும்பாதுல்லா.”

“அன்னைக்குப் புது உடம்புல்லா கிடைக்கும்!”

“கிடைக்கட்டும். ஆனா ஒரு நொடிகூட அவரு தேடிக்கிட்டு நிக்கக் கூடாது.”

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எப்ராயீமும் இன்னும் மூன்று பேரும் மறுபடியும் கயிற்றைப் பிடித்தார்கள். இறக்கும்போது கயிறு உள்ளங்கையை அறுக்குமளவு கனத்த பெட்டி, இப்போது தக்கைபோல் மேலே வந்தது.

“மெல்ல இழுங்கடே,” என்றான் எப்ராயீம்.

“நாங்க இன்னும் இழுக்கவே இல்லியே,” என்றார்கள் மற்ற மூவரும்.